பாத்ரூமில் வழுக்கி விழுந்தவன்

என் பெயர் ஏழுமலை. சினிமாவில் லைட்மேன். வீடு அம்பத்தூரில். இருபத்திரண்டு வருடமாக விளக்குகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவனை, போன கோடையில் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடும்படி ஆனது. அதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நம் ஆட்களில் சிலருக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை. எதனால் என்பது போகப்போகத் தெரியும். அவர்களும் கேட்கட்டும். கேட்டுவிட்டுத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

நம் தொழிலில் எங்கேயும் எழுதி வைக்காத ஒரு பழக்கம் உண்டு. செட்டில் அடிபட்டால் ஆஸ்பத்திரியில் செட் என்று சொல்லக் கூடாது. சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும், அவர்கள் வந்தால் செட்டைப் பூட்டுவார்கள், பூட்டினால் நூற்றைம்பது பேருக்கு வேலை இல்லை. அதனால் அடிக்குத் தகுந்த மாதிரி ஒரு கதை தயாராக வைத்திருப்போம். கை உடைந்தால் மாடிப்படி. காலில் அடி என்றால் பைக். தீக்காயத்துக்கு வீட்டு கேஸ் அடுப்பு. இடுப்பு, முதுகு என்றால் பாத்ரூம். டிஸ்கஷனில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கதை பண்ணுகிறவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகப் பண்ண மாட்டார்கள். நானே எத்தனையோ பேரை ஆட்டோவில் ஏற்றி, போகிற வழியிலேயே வசனம் சொல்லிக்கொடுத்து இறக்கியிருக்கிறேன்.

இன்னொரு பழக்கம் தண்ணீர். மேலே பலகைத் தளத்தில் உட்கார்ந்து பெரிய விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறவன் ஷாட் நடுவே சிறுநீர் கழிக்க இறங்க முடியாது. இறங்கினால் ஏணி ஆடும், நிழல் விழும், கேமராமேன் கத்துவார். ஆகவே மேலே ஏறுகிறவன் தண்ணீரைக் குறைத்துக்கொள்வான். தொண்டை காய்ந்தால் ஒரு மடக்கு, அவ்வளவுதான். இதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வோம். நான் ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு பாட்டிலில் ஓட்டுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

போன மே மாதம் குத்தம்பாக்கம் பக்கம் ஒரு கோடவுனில் கல்யாண மண்டபம் செட் போட்டிருந்தார்கள். தகரக் கூரை. மின்விசிறி வைத்தால் அலங்காரத் துணியெல்லாம் ஆடுகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு பாட்டு எடுக்க வேண்டும், கதாநாயகிக்கு அந்த இரண்டு நாளை விட்டால் தேதி இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வேலை ஆரம்பித்தது. மாலையில் படக் கம்பெனி மேனேஜர் வந்து, முடியும் வரைக்கும் போகலாம், ஒவ்வொரு கால்ஷீட்டுக்கும் தனிச் சம்பளம் என்றார். யாரும் எங்களைக் கட்டிப்போட்டு வேலை வாங்கவில்லை. நானும் சந்தோஷமாகத்தான் சரி என்றேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை விடிந்தது. ஒயர் சுருட்டி வைத்திருந்த இடத்தில் முக்கால் மணி நேரம் கண் அசந்தேன். மற்ற நேரமெல்லாம் மேலேதான். முதுகு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. சட்டைப் பையில் எப்போதும் வலி மாத்திரை அட்டை இருக்கும். அந்த இரண்டு நாளில் ஆறோ ஏழோ போட்டிருப்பேன். காலையில் ஒரு தடவை இறங்கிப் போய்ச் சிறுநீர் கழித்தபோது பால் விடாத டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. சூடு பிடித்திருக்கிறது, வீட்டுக்குப் போனதும் வெந்தயம் ஊற வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு பேக்கப் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ஏணியில் இறங்க ஆரம்பித்தேன். கீழே டில்லி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். டில்லிபாபு என் கூட எட்டு வருடமாக வேலை செய்கிறவன், ஆவடிக்காரன், என்னை அண்ணாத்தே என்பான். பாதி இறங்கியிருப்பேன். இரண்டு தொடையும் கல் மாதிரி இறுகிக்கொண்டன. ஏணி ஒரு பக்கம் போன மாதிரி இருந்தது. அப்புறம் தரையில் கிடந்தேன். எட்டு அடிதான் இருக்கும். தலையில் அடி இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் எழுந்து நிற்கக் கால் இல்லாதவன் போல ஆகிவிட்டேன். வாந்தியும் வந்தது.

கம்பெனி வண்டியில் வேலப்பன்சாவடி தாண்டி ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பும் இல்லை. டூட்டி டாக்டர் ஒரு இளைஞர். "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார். மேனேஜர் பக்கத்தில்தான் இருந்தார், ஆனால் அவர் வாயே திறக்கவில்லை. நான்தான் சொன்னேன். "ஊட்டு பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன் சார்." இருபத்திரண்டு வருடப் பழக்கம். கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டது.

பாத்ரூமில் விழுந்தவனுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை ஒழுங்காகச் செய்தார்கள். முதுகுக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறிவு இல்லை. வாந்திக்கு ஒரு ஊசி, வலிக்கு ஒரு ஊசி, மெதுவாகச் சொட்டும்படி ஒரு பாட்டில் குளுக்கோஸ். இரவு மட்டும் பார்த்துவிட்டுக் காலையில் அனுப்பிவிடலாம் என்றார்கள். மேனேஜர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். அவரும்தான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு மேகலா வந்தாள். மேகலா என் மனைவி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு அப்படியே ஓடி வந்திருந்தாள். நர்ஸ் அவளைப் பார்த்ததும், "பயப்படாதீங்கம்மா, வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம், எலும்பு ஒண்ணும் உடையல" என்றார்.

"எந்த ஊட்ல?" என்றாள் மேகலா.

"உங்க வீட்லதாம்மா."

மேகலா என்னைப் பார்த்தாள். முந்தின நாள் விடியற்காலை நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். அதற்கப்புறம் வீட்டுப் பக்கமே போகவில்லை. மேனேஜர் அறையில் இருந்ததால் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. கண்ணைக் காட்டினேன், அப்புறம் சொல்கிறேன் என்று. அவளுக்கு அது திருட்டு முழியாகப் பட்டிருக்கிறது. என் நெற்றியைத் தொட வந்த கை பாதியிலேயே திரும்பிவிட்டது. ஒரு மணி நேரம் அவள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

அப்புறம் டில்லியை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். நடந்ததைப் பின்னால் டில்லியே சொன்னான்.

"டில்லி, மறைக்காம சொல்லு. இவருக்கு இன்னொரு குடும்பம் எங்க கீது? பூந்தமல்லியிலயா, இங்கயேவா?"

"ஐயோ அண்ணி, இன்னா பேச்சு பேசுற நீ!"

"பின்ன எந்த ஊட்டு பாத்ரூம்ல வுழுந்தாரு? ஷூட்டிங்னு சொல்லிகினு நேத்து போன மனுஷன், இன்னைக்கு மத்தியானம் எவ ஊட்ல சோப்பு போட்டு குளிச்சுகினு கீறாரு?"

டில்லிக்குச் சிரிப்பு வந்ததாம். சிரித்தால் செருப்படி விழும் என்று அடக்கிக்கொண்டானாம். நண்பன் குடும்பம் உடைவதைவிட உண்மையைப் போட்டு உடைப்பது மேல் என்று தோன்றி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "செட்டுலதான் அண்ணி வுழுந்தாரு. நேத்து காலைலேர்ந்து மேலயே கீறாரு. தண்ணி குடிக்கல, தூங்கல, வலி மாத்திரையா முழுங்கினு இருந்தாரு."

"அப்ப டாக்டர்கிட்ட இன்னாத்துக்கு பாத்ரூம்னு சொன்னாரு?"

"அப்டிதான் சொல்லணும் அண்ணி."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. அப்டிதான்."

மேகலா கம்பெனியில் விரலில் ஒரு கீறல் விழுந்தால்கூட நோட்டில் எழுத வேண்டும். எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார், எந்த மெஷின், எத்தனையாவது மணி நேரத்தில் அடிபட்டது, அந்த வரிசையில். அவள் நேராக டாக்டரிடம் போய் அதே வரிசையில் சொன்னாள். செவ்வாய் காலை ஆறு மணியிலிருந்து புதன் மத்தியானம் இரண்டு வரை, முப்பத்திரண்டு மணி நேரம், தகரக் கூரைக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில், தண்ணீர் இல்லாமல், மாத்திரையோடு.

டாக்டர் நடந்து வரவில்லை, ஓடி வந்தார். "கடைசியா எப்ப ஒன்னுக்கு போனீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். காலையில். "என்ன கலர்ல போச்சு?" சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. என் தொடையை அழுத்திப் பார்த்தார், நான் அலறிவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"வெக்கையில, தண்ணி இல்லாம, ஓய்வு இல்லாம உடம்பை முறுக்கினா தசை உள்ளுக்குள்ளயே உடையும். அந்தக் கழிவு ரத்தத்துல கலந்து கிட்னியை அடைச்சிடும். வலி மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தையும் குறைச்சிடும். உங்களுக்கு ரெண்டும் நடந்திருக்கு. நான் போட்ட வலி ஊசியும் அந்த மாத்திரை ஜாதிதான். பாத்ரூம்ல விழுந்தவருக்கு அதைப் போடலாம். உங்களுக்குப் போட்டிருக்கவே கூடாது."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தன்னையே நொந்துகொண்ட மாதிரி பேசினார். பொய் சொன்னது நான். எனக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அங்கே டயாலிசிஸ் வசதி இல்லை. அன்றே ஆம்புலன்சில் நகரத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மேகலா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மதுரவாயல் தாண்டும்போது முதல் முறையாகப் பேசினாள். "யோவ், இன்னொரு பொம்பள இருந்திருந்தாகூட இவ்ளோ கோவம் வந்திருக்காதுயா" என்றாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பட்டமேற்படிப்பு படிக்கும் ஒரு பெண் டாக்டர் மறுபடி முதலிலிருந்து கேட்டு எழுதினார். எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்றார். முப்பத்திரண்டு என்றேன். இதைக் கேட்டு வாயைப் பிளக்காத ஒரே ஆள் அவர்தான். அவரும் முந்தின நாள் காலையிலிருந்து டூட்டியில் இருப்பதாக நர்ஸ் பிறகு சொன்னார்.

கிரியாட்டினின் என்ற வார்த்தையை அங்கேதான் கற்றுக்கொண்டேன். உடம்பில் தினமும் சேரும் ஒரு கழிவு அது. கிட்னி நன்றாக இருந்தால் வெளியே தள்ளிவிடும். தள்ளாவிட்டால் ரத்தத்திலேயே ஏறிக்கொண்டு போகும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்கு ஏழு இருந்தது. அதைவிடப் பொட்டாசியம்தான் அவசரம் என்றார்கள். அது ஏறினால் இதயம் நின்றுவிடலாம். நெஞ்சு வலிக்காது, அறிகுறி காட்டாது, பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். இதை என் காதுபடச் சொன்னார்கள். அன்று இரவு விடியும் வரை என் நெஞ்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு கிடந்தேன்.

கழுத்தில் ஒரு குழாய் செருகி டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் கழுவி, திரும்ப உள்ளே விடுகிறார்கள். நாலு மணி நேரம். வலி பெரிதாக இல்லை, குளிர்தான். மே மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தேன். பக்கத்து மெஷினில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஆறு வருஷம் ஆவுது நைனா. வாரத்துக்கு ரெண்டு வாட்டி" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வாரத்துக்கு இரண்டு நாள் மெஷினில் கிடக்கிறவன் லைட் தூக்க முடியுமா, என் மகள் நித்யாவைக் கல்லூரி முடிக்க வைக்க முடியுமா? பயந்தேன். சாவுக்கு அல்ல, அந்த ஆறு வருஷத்துக்குப் பயந்தேன்.

டாக்டரிடம் கேட்டேன். "உங்க கிட்னி செத்துப் போகல, மயக்கத்துல இருக்கு. முழிச்சுக்கலாம். முழிக்காமலும் போகலாம். யூரின் அளவு ஏறுதான்னு பார்ப்போம்" என்றார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் கவனமெல்லாம் கட்டிலுக்குக் கீழே தொங்கிய ஒரு பிளாஸ்டிக் பையில்தான். முதல் நாள் முழுக்கச் சேர்ந்தது ஒரு டீ கிளாஸ்கூட இல்லை. மேகலா கம்பெனியில் வால்வு அளவு எழுதுவது போல ஒரு நோட்டில் கோடு போட்டு, நேரமும் மில்லியும் எழுதிக்கொண்டு வந்தாள். நர்ஸ் எழுதுவதை நம்ப மாட்டாளாம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இளநீர் கொண்டுவந்தார்கள். செட்டிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கு இரண்டு. வாழைப்பழம், சாத்துக்குடி. அன்போடு கொடுத்தார்கள், ஆனால் அத்தனையிலும் பொட்டாசியம். குடித்தால் அங்கேயே என் கதை முடிந்திருக்கும். நித்யா ஒரு அட்டையில் "இளநீர், பழம் வேண்டாம். அப்பாவை நலம் மட்டும் விசாரிக்கவும்" என்று எழுதிக் கட்டிலில் மாட்டினாள். அந்தப் பத்து நாளில் மேகலாவும் டில்லியும் குடித்த இளநீர் ஒரு கல்யாணத்துக்குக் காணும்.

டில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு படத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. காலையில் மேகலா வேலைக்குப் போனதும் வந்துவிடுவான், அவள் திரும்பும் வரை இருப்பான். ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவான், என் துணியைத் துவைப்பான், அந்தப் பையை முகம் சுளிக்காமல் காலி செய்வான். கூடப் பிறந்தவன்கூடச் செய்ய மாட்டான். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். நோயாளியைப் பார்க்கச் சங்கடப்படுகிறான் என்று நினைத்தேன். "போய் வேலையைப் பாருடா" என்றால், "கீறேன் அண்ணாத்தே" என்று மட்டும் சொல்வான்.

நாலு டயாலிசிஸ் முடிந்தது. ஐந்தாவதுக்கு நாள் குறித்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் காலையில் பையைப் பார்த்த மேகலா, "இன்னா இது!" என்று கத்தினாள். எண்ணூறு மில்லி. நிறமும் வெளுத்திருந்தது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பெரிய டாக்டர் வந்து நோட்டையும் பையையும் பார்த்துவிட்டு, ஐந்தாவது வேண்டாம், பார்க்கலாம் என்றார். என் பையைப் பார்த்து என் மனைவி கைகூப்பிக் கும்பிட்டதை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

மறுநாள் மாலை மேனேஜர் வந்தார். தனியாகப் பேச வேண்டும் என்றார். மேகலா எழுந்திருக்கவில்லை, அவர் அவளை வைத்துக்கொண்டே பேசினார்.

"ஏழுமலை, நாளைக்கு ஸ்டேஷன்லேர்ந்து ஆள் வராங்க. கேஸ்ஷீட்ல டாக்டர் இன்னா வேணா எழுதட்டும். நீ உன் வாயால ஊட்லதான் வுழுந்தேன்னு சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது. அந்த கோடவுனுக்கு பெர்மிஷன் இல்ல. இன்னும் நாலு நாள் வேலை கீது. உன்னால நூத்தம்பது பேர் வவுத்துல அடிக்காத."

அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது சுடுகாடு வரை வந்தவர். முதல் ஆஸ்பத்திரி பில்லை அவர்தான் கட்டினார். நூற்றைம்பது பேர் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. நான், "சரி சார்" என்றேன்.

அவர் போனதும் மேகலா கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. நோட்டில் அன்றைய மில்லியை எழுதி முடித்துவிட்டு, "அந்த டாக்டர் உனக்கு ஊசி போட்டாரே, அடுத்தவாட்டி பாத்ரூம்னு சொல்ற ஆளுக்கும் அதே ஊசியத்தான் போடுவாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதினோராம் நாள் பூந்தமல்லிப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார். நல்ல வெயிலில் வந்திருந்தார், தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். மேனேஜரும் வந்து ஜன்னல் ஓரமாக நின்றார். மேகலா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். தன் முகத்தைப் பார்த்து நான் சொல்லக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. டில்லி கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"எங்கப்பா வுழுந்தே?" என்றார் ஏட்டு.

பாத்ரூம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பழக்கம் அப்படி. அதை விழுங்கினேன்.

"செட்டுல சார். ஏணிலேர்ந்து."

மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எப்ப வேலைக்குப் போனே?"

"செவ்வாக்கெழம காலைல ஆறு மணிக்கு."

"எப்ப வுழுந்தே?"

"புதங்கெழம மத்தியானம் ரெண்டு மணி."

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். "ஒழுங்கா சொல்லுப்பா. செவ்வாயா, புதனா?"

"ரெண்டும்தான் சார். நடுவுல ஊட்டுக்குப் போவல."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். நான் சொல்லி முடித்துவிட்டேன் என்பதை நம்பவே எனக்கு நேரம் பிடித்தது.

"சாட்சி யாருனா கீறாங்களா?" என்றார்.

நான் டில்லியின் பக்கம் திரும்பவில்லை. அடுத்த படத்துக்கும் இதே மேனேஜர்தான் ஆள் எடுக்கிறார். டில்லிக்கு இரண்டு பிள்ளைகள். நான் திரும்பிப் பார்த்தாலே அவனைக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

"நான் கீறேன் சார்," என்றான் டில்லி. "டில்லிபாபு. அப்பா பேரு முனுசாமி. ஆவடி."

"இன்னா பாத்தே?"

"ஒண்ணும் பாக்கல சார்."

ஏட்டுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பாக்காம இன்னா சாட்சி?"

"ஏணிய புடிச்சுகினு இருந்தது நான்தான் சார். நானும் அண்ணாத்தே கூடவே செவ்வாக்கெழம காலைல ஆறு மணிக்கு வந்தவன்தான். நின்னுகினே தூங்கிட்டேன். ஏணி நவுந்தது தெரியல. அவரு தரையில வுழுந்த சத்தத்துலதான் முழிச்சேன்."

அதுவரை எனக்குத் தெரியாது. தொடை இறுகியதால்தான் விழுந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு நாளாக அவன் என் முகத்தைப் பார்க்காதது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது பார்த்தான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அவனைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் கழுத்துக் குழாயோடு எழுந்திருக்க முடியவில்லை.

ஏட்டு பேனாவை மேலே தூக்கிப் பிடித்தபடி இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இத எழுதினா உன் தப்புன்னு ஆயிடும்பா. எழுதவா?"

"எழுதுங்க சார்," என்றான் டில்லி. "எத்தினி மணி நேரம் முழிச்சுகினு இருந்தேன்றதையும் சேத்து எழுதுங்க."